முட்டிச் சில்லுக்குப் பின்னால் தேய்மானம்: எந்த ஆபரேஷன், யாருக்கு?

நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வரும் மனுக்களில் முட்டி ஆபரேஷனுக்கு உதவி கேட்பவை எப்போதும் சில இருக்கும். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு மனுவிலிருந்து தொடங்குகிறேன்.

மனுதாரர் 53 வயதுச் சகோதரி. சமதரையில் நன்றாக நடக்கிறார், கடைத்தெருவுக்குப் போய் வருகிறார். ஆனால் மாடிப்படி இறங்க வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடியும். ஸஜ்தாவிலிருந்து எழும்போது முட்டியின் முன்பக்கத்தில் குத்துகிற வலி. அத்தஹிய்யாத்தில் உட்கார முடியாமல் ஒரு வருடமாக நாற்காலியில் தொழுகிறார். அவருடைய மகன் கொண்டுவந்த ஃபைலில் இரண்டு கால்களுக்கும் முழு முட்டி மாற்று ஆபரேஷனுக்கான மதிப்பீட்டுச் சீட்டு இருந்தது. எக்ஸ்ரே ஒன்றே ஒன்று, முன்புறமிருந்து எடுத்தது. "உம்மாவோட வளையலை அடகு வைக்கப் பேசிட்டோம். மீதிக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கோம்" என்றார் மகன்.

நமக்கு ஆலோசனை சொல்லும் எலும்பு மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல வலிக்கிற இடமே தெரியலையே" என்றார். வேறொரு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அந்தப் படத்தில் விஷயம் தெரிந்தது. முட்டிச் சில்லுக்கும் அதன் பின்னால் இருக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, வெளிப்பக்கத்தில் சுத்தமாக இல்லை. மற்ற இடங்களெல்லாம் வயதுக்கு ஏற்ற அளவில் நன்றாகவே இருந்தன. அந்தச் சகோதரியின் வலி பொய்யல்ல, ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதும் பொய்யல்ல. ஆனால் எந்த ஆபரேஷன் என்பதை முடிவு செய்யும் படம் அதுவரை எடுக்கப்படவே இல்லை.

இதே நிலையில் நமது மஹல்லாக்களில் பலர் இருப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முட்டிக்குள் மூன்று அறைகள்

முட்டி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று இடங்களில் உராயும் ஒரு மூட்டு. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மூன்றாவது, முன்னால் இருக்கும் சில்லு. நம் ஊர்களில் சிப்பி என்றும் சொல்வார்கள். அது தொடை எலும்பின் முன்புறமுள்ள பள்ளத்தில், தண்டவாளத்தில் வண்டி போவதைப்போல மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது. தொடையின் முன்பக்கத் தசை காலை நீட்டுவதற்கு இந்தச் சில்லைத்தான் நெம்புகோலாகப் பயன்படுத்துகிறது.

உடம்பிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு இந்தச் சில்லின் பின்புறத்தில்தான் இருக்கிறது. அல்லாஹ் அங்கே அதை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சமதரையில் நடக்கும்போது சில்லின் மீது விழும் அழுத்தம் உடல் எடையில் பாதிதான். மாடிப்படி ஏறி இறங்கும்போது அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. முழுதாகக் குந்தி எழும்போது ஏழு மடங்கையும் தாண்டுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் என்றால் நடக்கையில் 35 கிலோ, படியில் 200 கிலோவுக்கு மேல், குந்துகையில் 500 கிலோ. சமதரையில் நடக்க முடிகிறது, படியில் முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் "நடிக்கிறாங்க" என்று நினைப்பதுண்டு. நடிப்பல்ல, கணக்கு அப்படி. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது பிடித்துக்கொள்வது, பேருந்துப் படியில் கால் வைக்கத் தயங்குவது, முட்டியை மடக்கும்போது கரகரவென்று மணல் அரைபடுவது போன்ற உணர்வு ஆகியவையும் இந்த மூன்றாவது அறையின் அடையாளங்கள்.

பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பள்ளம் ஆழமில்லாமல் தட்டையாக இருக்கும். அதனால் சில்லு வெளிப்பக்கமாகச் சரிந்து ஓடி, ஒரு பக்கத்தையே வருடக்கணக்கில் தேய்க்கும். சிறுவயதில் சில்லு விலகியவர்கள், பைக்கிலிருந்து விழுந்து சில்லு உடைந்தவர்கள், உடல் எடை அதிகமானவர்கள் ஆகியோருக்கும் வரும். பெரும்பாலானோருக்கு மூன்று அறைகளும் சேர்ந்தே தேயும். சிலருக்கு மட்டும் மற்ற இரண்டும் நன்றாக இருக்க, சில்லுக்குப் பின்னால் மட்டும் தேய்ந்திருக்கும். இந்தக் கட்டுரை அந்தச் சிலரைப் பற்றியது.

முன்புறமிருந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் சில்லு தொடை எலும்பின் நிழலோடு கலந்துவிடும். பக்கவாட்டுப் படத்தில் ஓரளவு தெரியும். முட்டியை மடக்கி வைத்து, சில்லின் மேல் விளிம்பை ஒட்டிக் கதிரை விட்டு எடுக்கும் படத்துக்கு ஸ்கைலைன் வியூ என்று பெயர். சில்லும் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில்தான் தெளிவாக விழும். தனியாகப் பெரிய செலவில்லை. சாதாரண எக்ஸ்ரே எடுக்கும் இடத்திலேயே எடுப்பார்கள், மருத்துவர் சீட்டில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்புறப் படத்தையும் படுத்துக்கொண்டு எடுக்கக் கூடாது. நின்றபடி எடுத்தால்தான் எடை தாங்கும்போது எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பது தெரியும்.

கத்திக்கு முன்னால்

ஆபரேஷனைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்து பார்க்காத முட்டியை, இந்த வகைத் தேய்மானத்துக்காக ஆபரேஷன் செய்ய நல்ல மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை. தொடைத் தசையும் இடுப்புத் தசையும் வலுவானால் சில்லு நேராக ஓடும், வலி குறையும். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை மடக்காமல் ஓரடி உயரம் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது மிக எளிய பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இரண்டு மூன்று முறை போய்க் கற்றுக்கொண்டால் மீதியை வீட்டிலேயே செய்யலாம். "பயிற்சி செஞ்சேன், கேக்கலை" என்பவர்களிடம் எத்தனை நாள் என்று கேட்டால் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டுவதில்லை.

அடுத்தது, 500 கிலோ அழுத்தத்தைக் கொண்டுவரும் வேலைகளைக் குறைப்பது. தரையில் குந்தி மீன் ஆய்வதை மேசைக்கு மாற்றலாம். கழிவறையில் மேற்கத்திய முறைப் பீடம் வைக்கலாம். வசதியில்லாதவர்களுக்குக் கம்மோடு நாற்காலி போதும். எடையில் ஐந்து கிலோ குறைந்தால் படியில் சில்லுக்குப் பதினைந்து கிலோ குறைகிறது.

தொழுகையைப் பற்றி நம் வயதானவர்களுக்கு இருக்கும் தயக்கம் எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்வதை ஒரு குறையாக நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஸஜ்தா செய்து முட்டியை இன்னும் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்த செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. நிற்கவும் ருகூஉ செய்யவும் முடிந்தவர் எதுவரை நாற்காலியைப் பயன்படுத்தலாம் என்ற விவரத்தை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் நாமாகவே வாங்கிப் போடும் பழக்கம் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். ஆனால் ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடும் என்பதால், போட்ட தேதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். "குருத்தெலும்பை மறுபடி வளர்க்கும்" என்று பெரிய தொகைக்கு விற்கப்படும் ஊசிகளுக்கு, முற்றிய தேய்மானத்தில் அப்படி வளர்த்ததற்கான நம்பகமான சான்று இல்லை. அந்த ஊசிகளுக்கு நாம் உதவித்தொகை தருவதில்லை. சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, தெரியும்.

துளை போட்டுக் கழுவுவது

முட்டியில் இரண்டு சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டு, உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பிதான் நம் மக்களைச் சுலபமாக ஈர்க்கிறது. சின்னத் தழும்பு, மறுநாள் வீடு, செலவும் மாற்று ஆபரேஷனைவிடக் குறைவு. தேய்மானத்துக்கு அது பயன்படுகிறதா என்பதை அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்துச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு உண்மையாகவே கழுவினார்கள், சிலருக்குக் கழுவித் தேய்ந்த குருத்தெலும்பைச் செதுக்கினார்கள், இன்னும் சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று தரப்புக்கும் வலியில் வித்தியாசமில்லை. 2008-இல் கனடாவில் வேறு முறையில் செய்த ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது.

முட்டிக்குள் எலும்புத் துண்டு ஒன்று உடைந்து மிதந்து, மூட்டு திடீரென்று பூட்டிக்கொண்டால் அதை எடுக்க ஆர்த்ரோஸ்கோப்பி உதவும். தேய்மானத்தைக் கழுவ மட்டும் என்றால், அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

சில்லின் வெளிப்பக்கத்தை இழுத்துப் பிடிக்கும் இறுக்கமான சவ்வை வெட்டித் தளர்த்தும் சிகிச்சையும் துளை வழியாகவே செய்யப்படுகிறது. சில்லு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் சிலருக்கு மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து அது பயன்படும். குருத்தெலும்பு முழுவதும் போனபின் அதை மட்டும் தனியாகச் செய்தால் நிற்காது.

எலும்பைத் திருத்தும் சிகிச்சைகள்

வெளி விளிம்பில் மட்டும் தேய்ந்து, அங்கே எலும்பு முள் போல வளர்ந்திருப்பவர்களுக்கு அந்த ஓரத்தை ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுக்கும் முறை இருக்கிறது. உராயும் விளிம்பே போய்விடுவதால் வலி குறைகிறது. எலும்பு ஒட்டக் காத்திருக்க வேண்டியதில்லை, செயற்கை உலோகம் எதுவும் வைப்பதில்லை, பிற்காலத்தில் முட்டி மாற்று தேவைப்பட்டால் இது தடையாகவும் இராது. நிரந்தரத் தீர்வு என்று சொல்ல முடியாது. பெரிய ஆபரேஷனைச் சில வருடங்கள் தள்ளிப்போட விரும்புபவர்களுக்கு யோசிக்கத்தக்கது. நம் பகுதிகளில் இதைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, ஆகவே நீங்களே கேளுங்கள்.

இளையவர்களுக்கு, அதாவது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களுக்கு, பாதையை மாற்றும் ஆபரேஷன் ஒன்று உண்டு. சில்லுக்குக் கீழே ஒரு தசைநார் இறங்கிக் கீழ்க்கால் எலும்பின் முன்புறமுள்ள மேட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. முட்டிக்குக் கீழே விரலால் தடவினால் அந்த மேடு தட்டுப்படும். அந்த மேட்டை எலும்போடு சேர்த்துச் சாய்வாக வெட்டி, முன்னோக்கியும் உட்புறமாகவும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி, இரண்டு ஸ்குரூ போட்டுப் பொருத்துகிறார்கள். மேடு நகர்ந்தால் சில்லின் ஓட்டமும் நகரும். தேய்ந்த பகுதியின் மீது அழுத்தம் குறைந்து, நல்ல பகுதி எடையைத் தாங்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த மாக்கே என்பவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த பழைய முறையில் மேட்டை நேராக முன்னோக்கி மட்டும் தூக்குவார்கள். தோல் இழுபட்டு ஆறாமல் போகும் சிக்கல் அதில் இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஃபுல்கர்சன் 1983-இல் வெளியிட்ட சாய்வு வெட்டு முறையே இன்று பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது.

இந்த ஆபரேஷனுக்கு ஒரு நிபந்தனை. எடையை மாற்றித் தாங்குவதற்கு நல்ல பகுதி மிச்சமிருக்க வேண்டும். சில்லின் வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமும் தேய்ந்து, உட்பக்கமும் மேல்பக்கமும் நன்றாக இருந்தால் பலன் தரும். சில்லு முழுவதும் தேய்ந்திருந்தால் பலனில்லை. வெட்டிய எலும்பு ஒட்ட ஆறு வாரமாவது ஊன்றுகோலோடு இருக்க வேண்டும், முழுதாகத் தேற மாதங்கள் ஆகும். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும், சிலருக்கு ஒட்டாமலே போகும். ஆகவே பீடி, சிகரெட்டை விடாதவர்களுக்கு இதைச் செய்ய மருத்துவர்கள் தயங்குவார்கள்.

ஒரு காலத்தில் சில்லையே முழுவதுமாக எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. அப்படி எடுத்தவர்கள் சிலரை இன்றும் நம் ஊர்களில் பார்க்கலாம். நெம்புகோல் போய்விடுவதால் காலை நீட்டும் வலிமை பெருமளவு குறைகிறது, பின்னாளில் முட்டி மாற்று செய்வதும் சிக்கலாகிறது. இன்று யாராவது அதை முதல் யோசனையாகச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

சில்லுப் பகுதியை மட்டும் மாற்றுவது

முட்டி மாற்று என்றாலே முழு முட்டியையும் மாற்றுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். மூன்றாவது அறையை மட்டும் மாற்ற முடியும். தொடை எலும்பின் பள்ளத்துக்கு உலோகத் தகடு ஒன்றையும், சில்லின் பின்புறத்துக்குப் பிளாஸ்டிக் பொத்தான் போன்ற ஒன்றையும் பொருத்துகிறார்கள். உட்பக்க, வெளிப்பக்க அறைகளைத் தொடுவதில்லை. முட்டியின் நடுவிலுள்ள குறுக்குத் தசைநார்களும் அப்படியே இருக்கும்.

இதன் கதை பழையது. 1955-இல் அமெரிக்காவின் மெக்கீவர் சில்லின் பின்புறத்துக்கு மட்டும் ஓர் உலோக உறையைப் போட்டுப் பார்த்தார். 1979-இல் பள்ளத்துக்கும் சேர்த்துச் செய்த வடிவங்கள் வந்தன. அவற்றில் சில்லு சிக்கிக்கொள்வதும் விலகுவதும் அதிகமாக இருந்ததால் இந்த ஆபரேஷனுக்கே கெட்ட பெயர் வந்தது. தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் உருவாக்கிய ஏவான் என்ற வடிவமும் அதற்குப் பின் வந்தவையும் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன.

டென்மார்க்கில், சில்லுப் பகுதி மட்டும் தேய்ந்த 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்குப் பகுதி மாற்றும் பாதிப்பேருக்கு முழு மாற்றும் செய்து ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் பகுதி மாற்று செய்தவர்களே நன்றாக இருந்தார்கள். முட்டி மடங்கும் அளவும் அவர்களுக்கே கூடுதல். தரையோடு தொடர்புள்ள வாழ்க்கை வாழும் நமக்கு இந்த மடங்கும் அளவு பெரிய விஷயம்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து நாட்டின் மூட்டு மாற்றுப் பதிவேட்டின்படி, பகுதி மாற்று செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பத்தாண்டுக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. முழு மாற்றில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. உலோகம் கெட்டுப்போவது இதற்கு முக்கியக் காரணமல்ல. தொடாமல் விட்ட மற்ற இரண்டு அறைகளும் பின்னர் தேய்ந்துவிடுகின்றன. அப்போது முழு மாற்றாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்றாலும் இரண்டு ஆபரேஷன், இரண்டு செலவு.

ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எம்ஆர்ஐயில் மற்ற அறைகள் நன்றாக இருக்க வேண்டும். முடக்குவாதம் இருக்கக் கூடாது, ஏனென்றால் அது மூன்று அறைகளையும் தின்றுவிடும். கால் வளைந்திருக்கக் கூடாது. முட்டி நன்றாக மடங்கி நிமிர வேண்டும். பிறவியிலேயே பள்ளம் தட்டையாக இருந்து தேய்ந்தவர்களுக்குப் பலன் நீடிக்கிறது, ஏனென்றால் அவர்களுக்குத் தேய்மானத்தின் காரணம் அந்த ஓர் இடத்திலேயே இருக்கிறது. பொதுவாக அறுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்கே இது அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது. இதைச் செய்யும் மருத்துவர்கள் குறைவு, எனவே வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

முழு முட்டி மாற்று

அறுபத்தைந்து, எழுபது வயதில் இருப்பவர்களுக்கும், மற்ற அறைகளிலும் தேய்மானம் தொடங்கியவர்களுக்கும் முழு மாற்றே பெரும்பாலும் சரியான வழி. சில்லுப் பகுதி மட்டும் தேய்ந்த முதியவர்களுக்கும் அது நல்ல பலன் தருகிறது, நீண்ட காலம் உழைக்கிறது, மறு ஆபரேஷன் அரிது. "ஒரு இடம்தானே தேஞ்சிருக்கு, எதுக்கு முழுசா மாத்தணும்?" என்று எழுபது வயது நன்னாவுக்காகப் பேரன் கேட்டால், அதற்கு இதுதான் பதில்: நன்னாவுக்கு ஒரே ஆபரேஷனோடு முடியட்டும். ஐம்பது வயதுக்காரருக்குக் கணக்கு வேறு. அவருக்கு இன்னும் முப்பது வருட நடை இருக்கலாம், முதல் கட்டத்திலேயே எல்லாவற்றையும் வெட்டி எடுப்பதா என்று யோசிக்க வேண்டும்.

ரோபோ ஆபரேஷன், தையலே தெரியாத ஆபரேஷன் என்ற விளம்பரத் தட்டிகளைப் பார்த்து மனம் மாற வேண்டாம். எந்த அறை, எந்த வயது, எந்த மருத்துவர் என்ற மூன்று கேள்விகளுக்குப் பின்னால்தான் அவையெல்லாம்.

"முட்டியை மாத்திட்டா ஸஜ்தா செய்ய முடியுமா?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. முழு மாற்றுக்குப் பின் முட்டி பெரும்பாலும் 110 முதல் 125 டிகிரிவரை மடங்கும். குதிகால்மேல் உட்கார 150 டிகிரி அளவுக்கு மடங்க வேண்டும். எனவே அத்தஹிய்யாத் இருப்பு பெரும்பாலோருக்கு வராது. முட்டியை ஊன்றுவதால் உலோகம் உடைந்துவிடாது. ஆனால் தழும்பைச் சுற்றி மரத்துப்போன உணர்வு இருக்கும், ஊன்றவே கூச்சமாக இருக்கும். தேறியபின் மருத்துவரின் அனுமதியோடு கனமான மெத்தைமேல் ஊன்றிப் பார்க்கலாம். பகுதி மாற்றில் மடங்குவது கூடுதலாக இருந்தாலும் ஊன்றும்போது சில்லில் வலி வரலாம். நின்று தொழவும் ருகூஉ செய்யவும் பெரும்பாலோரால் முடிகிறது. ஸஜ்தாவுக்காகவே ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று வருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எந்த மாற்று ஆபரேஷனானாலும் அபாயங்கள் உண்டு. கிருமித்தொற்று நூறில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது, வந்தால் பெரும் சிரமம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது கூடும், ஆகவே மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவைச் சரிசெய்த பின்பே தேதி குறிக்க வேண்டும். சொத்தைப்பல், காலில் ஆறாத புண் இருந்தால் அவற்றை முதலில் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலில் இரத்தம் உறைவதைத் தடுக்க மருந்து தருவார்கள். உம்ரா, ஹஜ் பயணத்துக்கு முன்னால் அவசரமாகச் செய்துகொண்டு போகலாம் என்று திட்டமிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதம்வரை நீண்ட விமானப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள். தவாஃபையும் ஸயீயையும் தாங்கும் நடை திரும்ப அதற்கும் மேல் ஆகும். சக்கர நாற்காலியில் ஸயீ செய்ய அனுமதி இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பணம்

செயற்கை மூட்டின் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில், அதிகமாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் முழு முட்டிக்கு 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தது, ஜிஎஸ்டி தனி. அதற்கு முன் அதே பொருள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. வரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால் இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வரம்பு மூட்டுக்கு மட்டும்தான். அறை வாடகை, மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து எல்லாம் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பில்லில் மூட்டின் விலையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டியிலுள்ள ஸ்டிக்கரை ஒட்டித் தரச் சொல்லிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மறு ஆபரேஷன் வந்தால் அந்தச் சீட்டுதான் மருத்துவருக்கு வழிகாட்டும்.

நம்மிடம் வருவதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் சேர்ந்திருக்கிறதா, உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் அதன்கீழ் வரும் என்று அரசு மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முட்டி மாற்று நடக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் பயிற்சி செய்ய அந்த மாதங்கள் வீணாகாது.

முதலில் சொன்ன சகோதரி நான்கு மாதம் பயிற்சி செய்தார். இடது முட்டி அடங்கிவிட்டது. வலது அடங்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, வலது முட்டிக்குப் பகுதி மாற்று செய்தார்கள். செலவில் ஒரு பங்கை நமது ஸதக்கா நிதியிலிருந்து கொடுத்தோம். மீதிக்கு ஒரு ஜோடி வளையல் அடகில்தான் இருக்கிறது. இப்போது நேராகப் பார்த்தபடி படி இறங்குகிறார். ஸஜ்தாவுக்கு இன்னும் நாற்காலிதான்.

முட்டி ஆபரேஷனுக்கு உதவி கோருபவர்கள் மனுவோடு, நின்றபடி எடுத்த முன்புற, பக்கவாட்டு எக்ஸ்ரே, ஸ்கைலைன் வியூ எக்ஸ்ரே, பயிற்சி எடுத்ததற்கான பிசியோதெரபி சீட்டு, மூன்று மாத சராசரிச் சர்க்கரை அறிக்கை, எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் எழுதிய குறிப்பு, மதிப்பீட்டுச் சீட்டு, ஜமாஅத் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். ஸ்கைலைன் எக்ஸ்ரேக்குப் பணம் இல்லாதவர்கள் அதற்காகவே தனியாக வரலாம். அந்தச் செலவை மனு போடாமலே கொடுத்துவிடுகிறோம்.